நெற்றியில் எழுதியதும் சுவரில் பூசியதும்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் போயிருக்கிறீர்களா? ஏற்காட்டுக்குப் போகிற வழிதான். பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டுக்கு அடித்துப்பிடித்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும், சேர்வராயன் மலை எப்போது கண்ணில் படும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே இருக்கும் நீளமான மதில் சுவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் சேலம் மத்திய சிறைச்சாலை. 1862-ல் ஏற்பட்டது.

சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தச் சிறை என்றதும் ஒரு தேதி ஞாபகம் வரும். 1950, பிப்ரவரி 11. உள்ளே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போன நாள். அது ரத்தம் தோய்ந்த தனி அத்தியாயம். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த ஜெயிலின் கதவைப் பற்றி. உள்ளே தள்ளுகிற கதவு இல்லை, வெளியே விடுகிற கதவு. இரண்டும் ஒரே கதவுதானே என்கிறீர்களா? அங்கேதான் நாம் தப்பு செய்கிறோம்!

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது முப்பத்தைந்து. கையில் ஒரு துணிப்பை. தண்டனை முடிந்து அந்தக் கதவைத் தாண்டி வெளியே வருகிறார். நேராக ராசிபுரம் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போனால் அங்கே தெருவே ஒரு மாதிரி பார்க்கிறது. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார். எங்கே போவார்? படிப்பு இல்லை, சர்டிபிகேட் இல்லை, கையில் முதல் இல்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு நம் ஊரில் திறந்திருக்கிற ஒரே வாசல் கட்டட வேலை. நாலு ரோடு கூடுகிற இடத்தில் காலை ஏழு மணிக்கு டிபன் வாளியோடு ஒரு கூட்டம் நிற்குமே, அங்கே போய் நிற்கிறார். மேஸ்திரி டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்குகிறார்.

“வேலை தெரியுமா?”

“கொத்து வேலை தெரியுமுங்க. பூச்சு நல்லா பண்ணுவனுங்க.”

“அப்புடியா... உன்னை இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே. இத்தனை வருசமா எங்கய்யா வேலை பாத்துட்டு இருந்தே?”

அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி. அதற்கு உண்மையைச் சொன்னாலும் வேலை போச்சு. பொய் சொன்னால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் பத்து நாள் கழித்து யாரோ ஒருவர் வந்து, “அந்த ஆளு யாருன்னு தெரியுமா மேஸ்திரி?” என்று காதில் ஓதுவார். அப்போதும் வேலை போச்சு.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததில்லை. சரியாகச் சொன்னால், ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஏனென்றால் பதில் அவர் நெற்றியிலேயே எழுதியிருக்கும். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே!

‘தலையெழுத்து’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பிரம்மாவுக்கு அந்த சிரமத்தைக் கொடுக்கவில்லை. 1797-ல் வங்காளத்திலும், பின்னர் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டு, ஆயுள் தண்டனை மாதிரி பெரிய தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பச்சை குத்தினார்கள். பெயர், குற்றம், தண்டனை தந்த நாள், எந்தக் கோர்ட் என்பதெல்லாம் நெற்றியில்! வடக்கே இதற்கு ‘கோத்னா’ என்று பெயர். தப்பி ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆனால், தண்டனை முடிந்தாலும் எழுத்து அழியாதே என்று யாரும் யோசிக்கவில்லை. தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. 1849-ல்தான் இந்தக் கொடுமையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இப்படி நெற்றியில் எழுத்தைச் சுமந்த மனிதர்கள் கட்டிய ஒரு நகரம் இருக்கிறது. நீங்கள் போயிருக்கலாம். இல்லை, உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே வேலை பார்க்கலாம். அதன் பெயர் சிங்கப்பூர்!

* * *

1824-ல் பிரிட்டிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் ஓர் உடன்படிக்கை போட்டு, கடைத்தெருவில் சரக்கு மாற்றிக்கொள்கிற மாதிரி ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். சுமத்ரா தீவில் இருந்த பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போயிற்று. அங்கே பிரிட்டிஷார் கொண்டுபோய் வைத்திருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது? கப்பலில் ஏற்றி, புதிதாக உருவாகிக்கொண்டிருந்த சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1825, ஏப்ரல் 18-ம் தேதி முதல் கப்பலில் வந்து இறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர். அதற்குப் பிறகு சென்னை, கல்கத்தா, பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாக வந்தார்கள். சேலம் ஜில்லா 1792-லேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நாமக்கல்லும் அந்தப் பழைய சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

சிங்கப்பூர் அப்போது சதுப்பு நிலமும் காடும். புலி நடமாட்டம் வேறு! கைதிகளையே கூட்டம் சேர்த்துப் புலி வேட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சதுப்பைத் தூர்த்தது, ரோடு போட்டது, கால்வாய் வெட்டியது எல்லாம் இவர்கள்தான். 1841-ல் தாங்கள் இருக்கப்போகும் ஜெயிலையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

அங்கே வெறும் மண் சுமக்கிற வேலை மட்டும் கொடுக்கவில்லை. தொழில் கற்றுக்கொடுத்தார்கள். செங்கல் அறுப்பது, சூளை வைப்பது, கல் உடைப்பது, கொத்து வேலை, தச்சு, கொல்லுப் பட்டறை என்று ஜெயிலே ஒரு பெரிய தொழிற்பள்ளி மாதிரி ஆகிவிட்டது. ஜெயில் என்றால் வார்டர் வேண்டுமே? அதற்கும் ஆள் தேடவில்லை. ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகளையே வார்டர்களாக்கினார்கள். அங்கே அதிகாரியாக இருந்த மெக்நாயர் என்பவர் இதைப் பற்றி பேலிஸ் என்பவரோடு சேர்ந்து 1899-ல் ஒரு புத்தகமே எழுதினார். ‘கைதிகளே அவர்களின் வார்டர்கள்’ என்று தலைப்பு வரும்.

சிங்கப்பூரின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்... அதன் கதை கேளுங்கள். அங்கே முதலில் இருந்த கோயிலில் இரண்டு தடவை இடி விழுந்து, கட்டடம் உறுதியில்லை என்று 1855-ல் இடித்துவிட்டார்கள். புதிய தேவாலயத்துக்குப் படம் போட்டவர் ரொனால்ட் மக்ஃபர்ஸன். மெக்நாயரைப் போலவே இவரும் சென்னைப் பீரங்கிப் படையில் இருந்து போனவர். 1856-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1861-ல் முதல் ஆராதனை நடந்தது. உழைத்த கைகள்? இந்தியக் கைதிகளுடையவை.

அந்தச் சுவர்களின் பூச்சுக்குப் பெயர் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. பக்குவம் என்ன தெரியுமா? மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்து அதில் சேர்க்கவேண்டும். தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரை விட்டுக் கலக்கவேண்டும். பூசி முடித்துக் காய்ந்ததும், வழவழப்பான கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றவேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் சுவரைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகைப் பூச்சுதான். நாமக்கல் வாசகர்கள் சந்தோஷப்படலாம். கோழிமுட்டைக்கு இப்படியும் ஒரு சரித்திரம்!

இவர்கள் கைபட்ட இன்னொரு கட்டடம், இன்றைக்கு சிங்கப்பூர் ஜனாதிபதி மாளிகையாக இருக்கும் இஸ்தானா. 1867-லிருந்து 1869-க்குள் கட்டினார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடில் உள்ள மாரியம்மன் கோயிலின் ஆரம்பகாலக் கட்டுமானத்திலும் விடுதலையான கைதிகளின் உழைப்பு இருந்தது என்று நம்புகிறார்கள்.

* * *

இனிதான் முக்கியமான விஷயம். தண்டனைக் காலம் ஓட ஓட இவர்கள் என்ன ஆனார்கள்?

கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மாதிரியே பாஸ், ஃபெயில் எல்லாம் உண்டு. ஒழுங்காக இருந்தால் மேலே ஏறலாம். வம்பு செய்தால் கீழே இறக்கி, காலில் சங்கிலி போடுவார்கள். புதிதாக வந்தவன் ரோடு போடும் கூட்டத்தில் சேருவான். பிறகு தொழில் கற்பான். அதற்குப் பிறகு சக கைதிகளுக்கு மேஸ்திரி ஆவான். பல வருடம் நல்ல பெயர் எடுத்தவனுக்குக் கடைசியில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். ‘டிக்கெட் ஆஃப் லீவ்’. அந்தச் சீட்டு இருந்தால் ஜெயிலுக்கு வெளியே குடியிருக்கலாம். யாரிடம் வேண்டுமானாலும் கூலிக்கு வேலை செய்து சம்பாதிக்கலாம். குறிப்பிட்ட நாளில் வந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லிவிட்டால் போதும்.

கவனித்தீர்களா? தண்டனை முடிந்த மறுநாள் காலையில் “எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்” என்று கதவைச் சாத்தவில்லை. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். வெளியே வந்தபோது அவன் கையில் தொழில் இருந்தது. அவன் யார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தேதான் வேலை கொடுத்தார்கள். நெற்றியில் எழுத்து இருந்தும்கூட!

1873-ல் சிங்கப்பூரில் இந்திய கைதிகளை வைத்திருக்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மிச்சம் இருந்தவர்களில் ஒரு பகுதியை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சீட்டு வாங்கி வெளியே வந்திருந்த பலர் அங்கேயே தங்கி, மாட்டு வண்டி ஓட்டி, பால் கறந்து, கட்டட வேலை பார்த்து, ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள்.

‘ஆஹா, வெள்ளைக்காரன் எவ்வளவு நல்லவன்!’ என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இதில் கருணையைவிடக் கணக்கு அதிகம். புதிய ஊருக்கு ஆள் பஞ்சம். கூலி கொடுத்துக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. கைதி என்றால் சோறு போட்டால் போதும். அங்கே குடியிருந்த வெள்ளைக்கார வியாபாரிகள், “எங்கள் ஊரைக் குற்றவாளிகளைக் கொட்டும் இடமாக்காதீர்கள்” என்று ஒரு பக்கம் மனு போட்டார்கள். இன்னொரு பக்கம் அந்தக் குற்றவாளிகள் போட்ட ரோட்டில் சாரட்டு வண்டியில் போனார்கள். அந்தமானில் 1896-லிருந்து 1906 வரை கைதிகளை வைத்தே செல்லுலார் ஜெயிலைக் கட்டினார்கள். 

ஆக, கைதிக்கு வேலை கொடுப்பது என்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. அது எப்படிக் கழுத்தை அறுக்கும் என்று பார்க்க நாம் கப்பல் ஏறவேண்டாம். சேலத்துக்கே திரும்பி வரலாம்.

* * *

உப்புக் குறவர்கள் என்று ஒரு சமூகம். கடற்கரையில் உப்பை வாங்கி, மாட்டிலும் கழுதையிலும் பொதி ஏற்றி, உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தானியம் வாங்கிக்கொண்டு போவார்கள். கௌரவமான வியாபாரம். சேலம் சமவெளி அவர்கள் நடமாடிய பூமி.

1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் வந்தது. ரயிலில் உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. உப்பு வரியும், சர்க்கார் கெடுபிடியும் சேர்ந்துகொண்டன. பொதி மாட்டுக்காரன் என்ன செய்வான்? அடுத்து 1876-லிருந்து 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருடம் கழித்து 1881-ல் கணக்கெடுத்தபோது சுமார் 16 லட்சம்! நடுவில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் காணோம். செத்தவர்கள் போக, ஊரை விட்டு ஓடியவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் பசிக்குத் தானியம் திருடியவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

பிழைப்பைப் பிடுங்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. இவர்கள் பிறவியிலேயே திருடர்கள் என்று எழுதிவைத்தார்கள். வடக்கே 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். நெற்றியில் பச்சை குத்துவது நின்றுபோய் அறுபது வருடம் கழித்து, ஒரு தனி மனிதன் நெற்றியில் எழுதியதை முழு ஜாதியின் நெற்றியிலும் எழுதிவிட்டார்கள்! பிறந்த குழந்தைக்கும் சேர்த்து!

அவர்களைத் ‘திருத்துவதற்காக’க் குடியிருப்புகள் அமைத்தார்கள். இன்றைய ஆந்திராவில் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி ஒன்று. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் மேற்பார்வையில் 1910-களில் ஏற்பட்டது. அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட குறவர்களுக்கு வேலை உண்டு, சந்தேகமில்லை. பக்கத்தில் சீராலாவில் இருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அனுமதியில்லாமல் குடியிருப்பை விட்டு வெளியே போனால் தண்டனை. வேலை பிடிக்கவில்லை என்று விட்டுப் போகமுடியாத தொழிலாளியைவிட முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? ‘மறுவாழ்வு’ என்ற பெயரில் கொத்தடிமை.

சிங்கப்பூர்ச் சீட்டில் இருந்த ஒன்று இங்கே இல்லை. என்ன அது? ‘யாரிடம் வேண்டுமானாலும்’ என்ற ஒரு வார்த்தை! வேலை கொடுப்பது உதவி. ஒரே ஒரு வேலையைக் கொடுத்து, மற்ற வாசல்களையெல்லாம் சாத்துவது உதவி இல்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952, ஆகஸ்ட் 31-லும் ஒழிந்தது. ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர் இன்றைக்கும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது. சட்டம் போய்விட்டது. சந்தேகம்? சிறைகளில் ஜாதி பார்த்து வேலை கொடுப்பதும், சீர்மரபினரைக் குற்றவாளியாகவே பார்க்கும் சிறை விதிகளும் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது எப்போது தெரியுமா? 2024, அக்டோபர் 3-ம் தேதி!

* * *

நடுவில் நல்லதே நடக்கவில்லையா என்றால், நடந்தது.

1919-ல் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்த அலெக்ஸாண்டர் கார்டியூ. ஜெயில் என்பது அடைத்துவைக்கிற இடம் மட்டுமல்ல, ஆளைத் திருத்தி அனுப்பவேண்டிய இடம் என்று அந்தக் கமிட்டி அழுத்திச் சொன்னது. வெளியே வருபவர்களுக்குக் கைகொடுக்கச் சங்கங்கள் வேண்டும் என்றது. நம் ஊரில் ‘விடுதலையான கைதிகள் உதவிச் சங்கம்’ அந்தக் காலகட்டத்தில் பிறந்ததுதான். சின்னதாகக் கடை வைக்க, மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க என்று கொஞ்சம் பணம் கொடுத்துத் தூக்கிவிடுகிற வேலை. அதேபோல, முதல் தடவை தப்பு செய்தவரை ஜெயிலுக்கே அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் சட்டத்தை சென்னை மாகாணம் 1936-லேயே கொண்டுவந்துவிட்டது. மத்திய சட்டம் வந்தது 1958-ல்.

கட்டட வேலைக்கு வருவோம். 1952-ல் உத்தரப்பிரதேசத்தில் ஓர் ஆச்சரியம் நடந்தது. காசி பக்கம் சந்திரபிரபா நதியில் அணை கட்ட ஆள் வேண்டும். அங்கே உள்துறையைக் கவனித்துக்கொண்டிருந்த சம்பூர்ணானந்த், ஜெயிலில் இருந்து கைதிகளைக் கொண்டுவந்து, மதில் இல்லாத முகாமில் தங்கவைத்தார். வேலைக்குக் கூலியும் கொடுத்தார். அந்தக் கூலியிலிருந்து அவர்கள் சாப்பாட்டுச் செலவைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். ‘ஒரே ராத்திரியில் அத்தனை பேரும் கம்பி நீட்டிவிடுவார்கள்’ என்றுதானே நினைப்போம்? ஓடியவர்கள் மிக மிகக் குறைவு. வீட்டுக்குப் பணம் அனுப்பமுடிந்தவன் எதற்கு ஓடப்போகிறான்?

எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு ‘பல்லாண்டு வாழ்க’ ஞாபகம் வந்திருக்கும். ஆறு கொடுங்குற்றவாளிகளை நம்பி வெளியே கூட்டிப்போய், உழைக்கவைத்துத் திருத்துகிற ஜெயில் அதிகாரியாக வருவார். 1975-ல் வந்த படம். சாந்தாராம் 1957-ல் எடுத்த இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அந்தக் கதைக்கு விதை, மகாராஷ்டிரத்தில் ஔந்த் என்ற குட்டி சமஸ்தானத்தில் 1930-களின் கடைசியில் நிஜமாகவே நடந்த ஒரு திறந்தவெளிச் சிறைப் பரிசோதனை. சினிமாவில் பார்த்துக் கைதட்டினோம். தெருவுக்கு வந்ததும் மறந்துவிட்டோம்.

1998-ல் சுப்ரீம் கோர்ட், கடுங்காவல் கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும், அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகவேண்டும் என்றது. இதையும் மறந்துவிடக்கூடாது. ஒவ்வொரு கைதிக்கும் பின்னால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பம் இருக்கும். வேலையும் கூலியும் இருந்தால்தான் அவர்களுக்கும் ஏதாவது சேரும். சும்மா உட்காரவைத்த கைதியால் யாருக்கு என்ன லாபம்?

* * *

சரி, நம்ம ராசிபுரத்து ஆள் இன்னும் நாலு ரோட்டில்தான் நிற்கிறார். மேஸ்திரி பதிலுக்குக் காத்திருக்கிறார்.

மேஸ்திரி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் கூட்டிப்போகும் இடம் யாரோ ஒருவருடைய வீடு. சிமென்ட் மூட்டையும் கம்பியும் திறந்த இடத்தில் கிடக்கும். சித்தாள் வேலைக்குப் பெண்கள் வருவார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், “தெரிஞ்சேதான கூட்டிட்டு வந்தே?” என்று அவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால், அந்தப் பயத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு உண்மைகளை வைத்துப் பார்க்கவேண்டும்.

ஒன்று: ஜெயிலில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் இல்லை. 2022-ம் வருடக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை. நாளைக்கே கோர்ட் ‘நிரபராதி’ என்று சொல்லி அனுப்பினாலும், நாலு ரோட்டில் அதே கேள்விதான் காத்திருக்கும்.

இரண்டு: வேலை கிடைக்காவிட்டால் அவர் ஆவியாகிப் போய்விடமாட்டார். இதே ஊரில்தான் இருப்பார். பகலில் வேலை கொடுக்க பயந்தால், ராத்திரி அவரை நினைத்து பயப்படவேண்டி வரும். எது மேல்?

வேடிக்கையைப் பாருங்கள். சேலத்திலோ நாமக்கல்லிலோ எந்த பில்டரைக் கேட்டாலும், “ஆளே கெடைக்கிறதில்லைங்க” என்பதுதான் முதல் புலம்பல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கூட்டிவருகிறார்கள். சிங்கப்பூரில் 1825-ல் இருந்த அதே ஆள் பஞ்சம். அஸ்தம்பட்டி மதிலுக்கு உள்ளேயோ உடம்பில் வலுவுள்ள மனிதர்கள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். அதைக் கடக்க ஒரு பாலம் போடுவது அவ்வளவு கஷ்டமா?

பழைய சரித்திரமே வழி சொல்கிறது. விடுதலையாவதற்கு முன்பே தொழில் கையில் இருக்கவேண்டும். மட்டம் பார்ப்பது, பூச்சு, கம்பி கட்டுவது, டைல்ஸ் ஒட்டுவது, ஒயரிங் என்று எதுவானாலும் சரி. கற்றதற்கு ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றில் ‘சிறையில் கற்றது’ என்று அச்சடித்து மறுபடியும் நெற்றியில் எழுதிவிடக்கூடாது! ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு எல்லாம் அவர் கதவைத் தாண்டும் முன்பே தயாராகவேண்டும். தமிழகத்தில் 1994-லேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்துவிட்டோம்.  18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். அந்த அட்டை இருந்தால் விபத்து, பிள்ளைகள் படிப்பு என்று உதவி கிடைக்கும். முகவரிக்கே ஆதாரம் இல்லாதவர் எங்கே போய்ப் பதிவார்?

கடைசியாக, தெரிந்தே வேலை கொடுக்கிற ஒரு மேஸ்திரி வேண்டும். ஒளித்துவைத்துச் சேர்த்துவிடுவது உதவி இல்லை. அது என்றைக்காவது வெடிக்கும். மேஸ்திரிக்குத் தெரியவேண்டும். கூட வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை. இங்கிலாந்தில் 1974-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சின்னக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து, குறிப்பிட்ட காலம் வம்பில்லாமல் இருந்துவிட்டால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லவேண்டியதே இல்லை. தண்டனைக்கு ஒரு முடிவுத்தேதி உண்டு என்றால், அவமானத்துக்கும் ஒரு முடிவுத்தேதி வேண்டும் அல்லவா?

கட்டட வேலையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தூக்குக்குண்டு யாருடைய பூர்வோத்தரத்தையும் விசாரிக்காது. சுவர் நேராக இருந்தால் நேர் என்று சொல்லும், சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். அன்றைக்கு முளைத்த சுவரே அன்றைக்குச் செய்த வேலைக்கு சாட்சி. நற்சான்றிதழ் தர யாருமில்லாத மனிதனுக்கு இதைவிட நல்ல தொழில் எது?

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் இந்த வருடம் வீடு கட்டலாம். ஒரு நாள் மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்து, “சார், ஒரு ஆளு இருக்கான். வேலை சுத்தம். ஆனா...” என்று இழுக்கலாம். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வரும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூர் தேவாலயத்தின் உள்சுவரை வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பூசியவன் நெற்றியில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை. நூற்று அறுபது வருடம் தாண்டியும் சுவர் நிற்கிறது.

உங்கள் மேஸ்திரிக்கு நீங்கள் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?